புள்ளலூர்ப் போரும் ஒரு சுவரோவியமும்: பழையதை இடிக்குமுன் நாம் எண்ண வேண்டியவை



சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எனப் பயணம் செய்வோர் இருபுறமும் தொழிற்சாலைகளின் மதில்களையே காண்கின்றனர். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் அதன் ஆலை மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஒரு வேளாண் நிலப்பரப்பு, உலகச் சந்தைக்குக் காரும் கைப்பேசியும் செய்து அனுப்பும் வட்டாரமாக மாறிவிட்டது. நம் பிள்ளைகளில் பலருக்கு இங்கே ஹலாலான வருமானம் கிடைத்திருக்கிறது. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம். ஆகவே இக்கட்டுரை தொழிற்சாலைகளுக்கு எதிரானதன்று. அவை எழும்பும் மண்ணில் முன்பு என்ன இருந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இந்த மண்ணின் பழைமை சிறிதன்று. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்காலக் கருவிகளும், பிற்காலத்து மணிகளும் பானை ஓடுகளும் கிடைத்தன. ஊர்ப் பெயர்களிலும் வரலாறு தங்கியிருக்கிறது. சுங்குவார்சத்திரம் என்ற பெயரில் வழிப்போக்கர் தங்கிய சத்திரம் இருக்கிறது. ஒரகடத்திற்குத் தெற்கேயும் மேற்கேயும் செல்வோர் அறிந்த வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்கள் நிலைத்திருக்கின்றன, அவற்றுக்குக் காரணமான கட்டடங்கள் நிலைத்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

நம் வாசலில் நடந்த போர்

காஞ்சிபுரத்திற்கு வடக்கே புள்ளலூர் என்றோர் ஊர் உள்ளது. புதிய விமான நிலையத்திற்காக 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூரிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. பல்லவர் காலத்திலேயே இவ்வூர் போர்க்களமாக இருந்தது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1780 செப்டம்பர் 10ஆம் நாள், அதே ஊர் மறுபடியும் உலக வரலாற்றில் இடம்பெற்றது.

அவ்வாண்டு ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்ரோ சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்து முகாமிட்டார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லியின் படை தெற்கே வந்து அவருடன் இணைய வேண்டும் என்பது திட்டம். பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் இரவு தங்கினார். விடிவதற்குள் ஆறு பெருகிவிட்டது. ஒரு வாரத்திற்கும் மேலாக அவரால் கடக்க இயலவில்லை. அந்தத் தாமதமே அவருடைய முடிவைத் தீர்மானித்தது.

ஆற்றைக் கடந்து வந்த பெய்லியைச் செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் இளவரசர் திப்பு எதிர்கொண்டார். மன்ரோ அனுப்பிய துணைப்படையும் சேர்ந்தபின் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். அவர்கள் புள்ளலூரை அடைந்தபோது திப்புவின் படையும் ஹைதரின் முதன்மைப் படையும் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. மைசூர்ப் படையினரின் எரிவாணங்களும் பீரங்கிகளும் தாக்கின. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. நாற்கட்டாக அணிவகுத்து நின்ற படை உடைந்தது. பெய்லி சரணடைந்து ஸ்ரீரங்கப்பட்டினத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். சில மைல் தொலைவில் இருந்த மன்ரோவோ, தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். அதுவரை இந்தியாவில் கம்பெனிப் படை சந்தித்த தோல்விகளில் இதுவே மிகப் பெரிதென வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இதைப் படிக்கும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போர் இஸ்லாத்திற்கும் பிற மதத்திற்கும் நடந்ததன்று. கம்பெனியின் பக்கம் நின்றவர் நவாப் வாலாஜா, ஒரு முஸ்லிம். எதிரே நின்ற ஹைதரும் முஸ்லிம். இரு தரப்புப் படைகளிலும் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். பாதிக்கப்பட்டோர் இவ்வட்டாரத்துக் குடியானவர்களே. வயல்கள் அழிந்தன, மக்கள் சென்னையை நோக்கி ஓடினர், பஞ்சம் வந்தது. அப்போது 1782இல் சென்னையில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட இடமே மணியக்காரர் சத்திரம். அதன் தொடர்ச்சியாக வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்ததன் காரணம் இதுதான். வெற்றியைப் பாடும்போது அந்தக் கஞ்சி வரிசையையும் மறந்துவிடலாகாது.

படம் ஏன் அங்கே இருக்கிறது?

சென்ற ஆண்டு மதரஸா மாணவர்கள் சிலரைப் புள்ளலூருக்கு அழைத்துச் சென்றோம். வயல்களுக்கிடையே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27இல் அதே களத்தில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்காக எழுப்பப்பட்டவை அவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஹைதரின் படையினருக்கோ, பெய்லியின் சிப்பாய்களாகப் போரிட்டு மடிந்த நம் நாட்டவருக்கோ, ஊரை விட்டு ஓடிய உழவருக்கோ அங்கே எந்தக் கல்லும் இல்லை.

திப்புவின் அரண்மனையில் இப்போரைச் சித்திரிக்கும் ஓவியம் இருப்பதைப் பற்றிச் சொன்னோம். ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், போர் இங்கே நடந்தது. படம் மட்டும் ஏன் மைசூர்ப் பக்கம் இருக்கிறது?” நல்ல கேள்வி. வென்றவர் தம் வீட்டுச் சுவரில் வரைந்தார். நாம் வாழும் ஊர்களில் வரைந்து வைக்க எவரும் இல்லை.

1784இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் அந்த ஓவியம் இருக்கிறது. ஹைதரும் திப்புவும் படையுடன் வருவது ஒருபுறம். மறுபுறம் நாற்கட்டாக நிற்கும் ஆங்கிலப் படை. நடுவே பல்லக்கில் காயமுற்ற பெய்லி. வெடித்தெழும் வெடிமருந்து வண்டி. தொலைநோக்கியுடன் பிரெஞ்சுத் தளபதி லாலி. புள்ளலூரின் ஒரு பகற்பொழுது அங்கே ஒரு சுவர் முழுவதும் விரிந்து கிடக்கிறது.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து நம் மார்க்க அறிஞர்களின் கருத்துகளை வாசகர்கள் அறிவர். நம் பள்ளிவாசல் சுவர்களில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் இது தொழுகைக்குரிய இடத்தின் சுவரன்று. ஓர் அரசரின் மாளிகைச் சுவர். அதை நாம் வழிபாட்டுப் பொருளாகவோ அலங்காரமாகவோ பார்க்கவில்லை. ஓர் ஆவணமாகப் பார்க்கிறோம். எந்த ஆயுதம், எந்த உடை, எந்த அணிவகுப்பு என்பதை அது சொல்கிறது. ஒரு செப்பேட்டைப் படிப்பதற்கும் இதைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இல்லை.

அந்த ஓவியம் பட்ட பாடு தனிக் கதை. ஆங்கிலப் படை தலைநகரை நெருங்கிய நாள்களில் அதன்மீது வெள்ளை பூசப்பட்டது. 1799இல் திப்பு ஷஹீதாக வீழ்ந்தபின் அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, அதனை மீட்டுச் சீராக்கச் செய்தார். தம் நாட்டவரின் தோல்வியைக் காட்டும் படம் அது! மீண்டும் அது சிதைந்தபோது, 1850களில் டல்ஹவுசி பிரபுவின் ஆணைப்படி, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஓர் இந்தியக் கலைஞரைக் கொண்டு மறுபடியும் தீட்டப்பட்டது. இந்தியாவின் சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்கிய அதே டல்ஹவுசிதான். இன்று நாம் காண்பது ஒருவருடைய நினைவாற்றல் காத்துத் தந்த படம். அந்த ஓவியத்தின் தாள் வடிவம் ஒன்று, பத்துத் தாள்களை இணைத்து ஏறத்தாழ 32 அடி நீளத்தில் அமைந்தது, 2022இல் இலண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. புள்ளலூர் வயலில் நிற்பவருக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் பல்லவர் காலத்து ஓவியங்கள் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவற்றைக் கண்டறிந்தார். சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. அது மறைக்கும், ஆனால் அடியில் இருப்பதை ஓரளவு விட்டும் வைக்கும். பொக்லைன் இயந்திரத்துக்கு அந்தக் குணம் இல்லை.

இடிந்தவையும் இடம் பெயர்ந்தவையும்

தரியா தௌலத் பிழைத்தது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் மற்ற அரண்மனைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர் வாழ்ந்த லால் மஹால் இடிக்கப்பட்டது. இன்று அடித்தளம் மட்டுமே காணக் கிடைக்கிறது. 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட உதகமண்டலம் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இடிக்கப்பட்ட திப்புவின் அரண்மனை மரங்களைக் கொண்டு செய்யப்பட்டவை. உதகைக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

அதே ஊரில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பெங்களூரு-மைசூரு இருப்புப்பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்குத் திப்புவின் படைக்கலக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட, ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள கட்டடம் அது. இடித்திருந்தால் சில நாள்களில் முடிந்திருக்கும். ஆனால் 2017இல் அதனை அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவுக்கு நகர்த்தி வைத்தனர். ரயிலும் ஓடுகிறது, கிடங்கும் நிற்கிறது. வளர்ச்சியா வரலாறா என்று எப்போதும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

சென்னையிலும் பாடம் உண்டு. நவாப் வாலாஜா 1768இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை, 1855இல் கடைசி நவாப் மறைந்தபின் அரசின் கைக்குப் போய் அலுவலகங்களாயிற்று. முன்னே எழுந்த கட்டடங்கள் அதனைக் கடற்கரைச் சாலையிலிருந்து மறைத்தன. 2012 ஜனவரியில் அதன் கலச மஹால் தீயில் கருகியது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிடலாம் என்று சொல்ல அது போதுமான காரணமாக இருந்திருக்கும். ஆயினும் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புக் காரை கொண்டு பழைய முறையிலேயே அதனைச் சீரமைத்தனர். இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. மூர் மார்க்கெட்டுக்கோ அந்த வாய்ப்பு அமையவில்லை. 1985இல் தீப்பற்றியபின் அவ்விடத்தில் ரயில் நிலையத்தின் புதிய கட்டடம் எழுந்துவிட்டது.

மதீனாவில் அழுத மக்கள்

பழைய கட்டடத்தைக் காப்பது குறித்துப் பேசினால், ‘மார்க்கத்தில் இதற்கு என்ன இடம்?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. கட்டடத்தைப் புனிதப்படுத்துவது நம் வழியன்று. மஸ்ஜிதுந் நபவியை உமர் (ரலி) அவர்களும் உஸ்மான் (ரலி) அவர்களும் விரிவுபடுத்தினர். மக்கள் பெருகும்போது பள்ளியும் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே பள்ளியின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. ஹிஜ்ரி 88ஆம் ஆண்டு வாக்கில், கலீஃபா வலீதின் ஆணைப்படி, அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் பள்ளியை விரிவாக்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் அதற்காக இடிக்கப்பட்டன. மண்ணும் ஈச்ச மட்டையும் கொண்ட எளிய அறைகள் அவை. ஆணை வாசிக்கப்பட்ட அன்று மதீனாவாசிகள் அழுத அழுகையைப் போல் வேறொரு நாள் கண்டதில்லை என்று அறிவிப்புகள் கூறுகின்றன. தாபியீன்களில் பேரறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாமே என்று வருந்தினார்கள். வளரும் தலைமுறையும் தொலைவிலிருந்து வருவோரும் அவற்றைப் பார்த்து, அல்லாஹ்வின் தூதர் எவ்வளவு எளிமையில் நிறைவு கண்டார்கள் என்பதை உணர்ந்து, உலக ஆசையைக் குறைத்துக்கொள்வார்களே என்பது அவர்களுடைய கவலை. இப்னு ஸஅத் (ரஹ்) தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

அந்த வருத்தத்தின் தன்மையைக் கவனியுங்கள். சுவரை முத்தமிட வேண்டும் என்பதற்காக அவர்கள் வருந்தவில்லை. சுவர் கற்பிக்கும் பாடம் போய்விடுமே என்று வருந்தினார்கள். முன்சென்றோரின் முடிவைப் பூமியில் பயணம் செய்து பாருங்கள் எனக் குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தால்தானே பார்க்க முடியும்? நம் காலத்தில், 2002இல், மக்காவில் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டு அவ்விடத்தில் மணிக்கூண்டுக் கோபுரம் கொண்ட விடுதிகள் எழுந்தன. ஹாஜிகளுக்குத் தங்குமிடம் தேவை என்பது உண்மை. ஒரு கோட்டை போய்விட்டது என்பதும் உண்மை.

எம் கையெழுத்து இருந்த தாள்

பிறர் இடித்தவற்றைப் பற்றி எழுதிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

எம் மஹல்லா இந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஐம்பது அறுபது பேர் தொழக்கூடிய சிறிய பள்ளி இருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. கைக்கு வழவழப்பான சுவர். முன்னே சிறிய ஹவுள். தொழிற்சாலைகள் வந்தபின் பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம் எனப் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். ஜும்ஆவுக்கு வரிசைகள் சாலை வரை நீண்டன. வெயிலில் அட்டைப் பெட்டிகளை விரித்துத் தொழுத அந்தச் சகோதரர்களைப் பார்த்தபின், பெரிய பள்ளி கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஜமாஅத் கூடித் தீர்மானம் எழுதியது. அந்தத் தாளில் எம் கையெழுத்தும் இருக்கிறது.

இரண்டே நாளில் பொக்லைன் வேலையை முடித்தது. மூன்றாம் நாள், எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

“ஹஜ்ரத், தெற்கு வாசலுக்கு மேலே ஒரு கல் இருந்ததே, அதை எங்கே எடுத்து வைத்தீர்கள்?” என்றார்.

எம்மில் எவரும் அப்படியொரு கல்லைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ரமலானுக்கும் முன்பு அடித்த வெள்ளை, பல்லாண்டுகளாகப் படிந்து அதனை மூடியிருக்கிறது. பெரியவர் சிறுவராக இருந்தபோது, பூச்சு மெல்லியதாக இருந்த காலத்தில், அவருடைய பாட்டனார் அவரைத் தோளில் தூக்கி அந்தக் கல்லைக் காட்டி ஹிஜ்ரி ஆண்டைப் படித்துச் சொன்னாராம்.

“எந்த ஆண்டு அத்தா?” என்று கேட்டோம்.

“அதுதான் நினைவில்லை. கல் இருக்கிறதே, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

இடிபாடுகளை ஏற்றிய லாரிகள் எங்கெங்கோ பள்ளங்களை நிரப்பப் போய்விட்டன. தேடினோம், கிடைக்கவில்லை. பள்ளியைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு, நிலம் கொடுத்தவர் யார் என்பதற்குச் சான்றாக இருந்திருக்கக்கூடிய ஒரே எழுத்து அது. பிறகு சொத்தின் தொன்மைக்குச் சான்று தேவைப்பட்டபோது, ‘முன்னோர் காலத்தது’ என்பதைத் தவிர எழுத எம்மிடம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளியை முழுமையாகக் காட்டும் ஒரு புகைப்படம்கூட எவரிடமும் இல்லை. ஒரு நிக்காஹ் படத்தில் மணமகனின் பின்னால் மிஹ்ராபின் பாதி தெரிகிறது. அவ்வளவே.

புதிய பள்ளியில் இன்று நானூறு பேர் தொழுகின்றனர். அல்ஹம்துலில்லாஹ். கட்டியது தவறன்று. பார்க்காமல் இடித்தது தவறு. அந்தத் தவறில் எமக்குப் பங்குண்டு.

ஒரு கல் சொல்லக்கூடியவை

ஒரு கல்லில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என எண்ணுவோர், சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குச் சென்று பார்க்கட்டும். 1795இல் கருங்கல் கொண்டு கட்டப்பட்ட பள்ளி அது. அங்குள்ள கல்வெட்டில், இறைவனை நினைவுகூர்வதே மிகப் பெரிது என்னும் பொருள்படும் மூன்று அரபுச் சொற்கள் ஆண்டைக் குறிக்கின்றன. அப்ஜத் கணக்குப்படி முதற்சொல்லின் எழுத்துகளுக்கு 920, இரண்டாம் சொல்லுக்கு 66, மூன்றாம் சொல்லுக்கு 223, கூட்டினால் 1209. அதுவே பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. எம் மாணவர்கள் இதனைக் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தபோது அவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எந்தப் பாடநூலும் தந்ததில்லை.

இந்த வாசகத்தை அமைத்தவர் ராஜா மக்கன் லால் கிராத் என்னும், நவாபின் அவையில் பணியாற்றிய இந்துப் பெருமகனார். ஒரு பள்ளிவாசலின் ஆண்டை இந்து ஒருவர் அரபுச் சொற்களில் கணக்கிட்டுத் தந்தார். முஸ்லிம்கள் அதைத் தொழுமிடத்தில் பதித்தனர். இன்றைய நாளில் இதைவிட வேறு எந்தச் சான்றும் நமக்குத் தேவையில்லை. அந்தக் கல் உடைந்திருந்தால் இதைச் சொன்னால் யார் நம்புவார்? எம் தெற்கு வாசல் கல்லில் எவர் பெயர் இருந்ததோ, அல்லாஹ்வே அறிவான்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

அரசின் சட்டம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நாம் இருந்துவிட முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. பட்டியலில் இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கும் சத்திரத்துக்கும் மண்டபத்துக்கும் அந்த அரண் இல்லை. தமிழ்நாட்டின் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் மட்டும் பல வருவாய்க் கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அத்திட்டத்தின் நன்மை தீமை குறித்து ஏகனாபுரம் மக்கள் உள்ளிட்டோர் பேசி வருகின்றனர். எப்படி முடிந்தாலும், அவ்வூர்களின் கோயில், பள்ளி, கபரஸ்தான், குளக்கரைக் கல் எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆகவே முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, இடிக்கும் தீர்மானத்திற்கு முன் பதிவுத் தீர்மானம் வேண்டும். கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும், கூரையையும், வாசலையும் கைப்பேசியில் படமெடுத்து, நீள அகலங்களை அளந்து, ஒரு கோப்பாக்கி வையுங்கள். நம் இளைஞர்களுக்கு இது ஒரு பகல் வேலை.

இரண்டாவது, வெள்ளை தடித்திருக்கும் இடங்களில், குறிப்பாக வாசல் மேற்புறம், மிஹ்ராபைச் சுற்றி, ஹவுளின் விளிம்பில், அடியில் எழுத்து உண்டா என்று பாருங்கள். உளி கொண்டு கொத்த வேண்டாம். தொல்லியல் துறைக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ தெரிவித்தால் கல்வெட்டைத் தாளில் படியெடுத்துத் தருவார்கள்.

மூன்றாவது, இடிப்பதுதான் ஒரே வழியா என்று பழைய சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். இடம் இருந்தால் பழைய பள்ளியை உட்பள்ளியாக வைத்துக்கொண்டு முன்னே விரிவாக்கலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண்களால் ஆன பழம்பள்ளிகள் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளிகளாகவே இருப்பதைப் பாருங்கள்.

நான்காவது, இடிப்பது தவிர்க்க முடியாததானால், ஒரு தூணையோ கதவையோ கல்லையோ புதிய கட்டடத்தில் பதித்து, பழைய பள்ளியின் வரலாற்றைத் தமிழில் எழுதி வையுங்கள்.

ஐந்தாவதே மிக அவசரமானது. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். தரியா தௌலத்தின் ஓவியம் ஒருவருடைய நினைவிலிருந்து மீண்டது. எம் பெரியவரிடம் நாம் பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், அந்தக் கல்லை அன்றே தேடிப் பார்த்திருப்போம்.

அவர் சென்ற ரபீஉல் அவ்வலில் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். புதிய பள்ளிக்கு வரும்போதெல்லாம், முன்பு தெற்கு வாசல் இருந்த இடத்தில் சற்று நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் உள்ளே செல்வார். அங்கே இப்போது மின்விசிறியின் சுவிட்சுப் பலகை இருக்கிறது.

வல்ல அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. நம் முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற அமானிதங்களை அறிந்து பேணும் நல்வாய்ப்பை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.